மெல்லும் பூனைக்கு எந்தப் பொம்மை தகும்?

பூனைப் பொம்மை என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை துரத்துவதற்கும் பாய்ந்து பிடிப்பதற்கும் உரியவை. கடைவாயில் ஒதுக்கி இடைவிடாமல் மெல்லும் பூனையை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை மிகச் சில. என் வீட்டில் இருப்பதோ சார்ஜர் வயர், அட்டைப்பெட்டியின் ஓரம், செருப்பு வார் என எதையும் விட்டுவைக்காத பூனை. ஆகவே ஒரு பொம்மையைக் கையில் எடுத்தால், இதிலிருந்து எது பிய்ந்து வரும், பிய்ந்தது தொண்டைக்குள் இறங்குமா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

இவ்வளவு எச்சரிக்கைக்குக் காரணம் பூனையின் நாக்கு. அதன் மேலுள்ள சிறு முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பதால், வாய்க்குள் போன நூலைத் துப்புவது பூனைக்கு எளிதன்று, பெரும்பாலும் விழுங்கிவிடும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கினால், குடல் அதை முன்னோக்கித் தள்ள முயன்று, நாடா கோத்து இழுத்த துணியைப் போலச் சுருங்கி மடிந்துபோகும். இறுகிய நூல் குடற்சுவரை அறுத்துவிடவும் கூடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் அதை இழுக்காமல், வெட்டாமல், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். ரிப்பன், ஜிகினா இழை, இறகு, மணி, ஒட்டவைத்த கண் ஆகியவை உள்ள பொம்மைகளை நான் அடியோடு ஒதுக்குவது இதனால்தான். கயிறு கட்டிய குச்சிப் பொம்மையை நாம் கையில் பிடித்து விளையாட்டுக் காட்டலாம். விளையாட்டு முடிந்ததும் அது அலமாரிக்குள் போய்விட வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது பொம்மையின் கடினத்தன்மை. நாய்களுக்கென விற்கப்படும் மான்கொம்பையும் கெட்டி நைலான் எலும்பையும் பூனைக்குக் கொடுத்தால் பல் உடையக்கூடும். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் சிறிதேனும் பதிய வேண்டும் என்பது எளிய சோதனை. ஸ்பாஞ்சும் மெல்லிய ரப்பரும் இதற்கு நேர்மாறானவை. மென்மையாக இருப்பதாலேயே துண்டுதுண்டாகப் பிய்ந்து வயிற்றுக்குள் போகும்.

இவ்வளவையும் கழித்த பின் எஞ்சியவற்றில் எனக்கு நிறைவு தந்தவை இரண்டு. ஒன்று, கெட்டியான பருத்தித் துணியில் நெருக்கமாக இரட்டைத் தையலிட்டு, உள்ளே கேட்னிப் (மணத்தால் பூனைகளை ஈர்க்கும் செடி) இலை அடைத்த நீள்பொம்மை. பூனை அதை முன்கால்களால் அணைத்துப் பின்கால்களால் உதைத்துக்கொண்டே மெல்லும். மற்றொன்று, கிவிச் செடிக்கு உறவான சில்வர்வைன் கொடியின் காய்ந்த குச்சி. ஏறத்தாழ மூன்றில் ஒரு பூனைக்குக் கேட்னிப் மணம் எந்த ஈர்ப்பையும் தருவதில்லை. அத்தகைய பூனைகளிலும் பல சில்வர்வைனுக்கு மயங்குகின்றன என்பதை 2017இல் வெளிவந்த, நூறு பூனைகளைக் கொண்ட ஓர் ஆய்வு காட்டியது. குச்சி சிராய் சிராயாகப் பிளந்தாலோ, விழுங்கும் அளவுக்குக் குறுகினாலோ குப்பைக்குத்தான் போக வேண்டும். தையல் விட்ட துணிப்பொம்மைக்கும் அதே கதிதான். பூனை ஆசையாக வைத்திருக்கிறதே என்று இரக்கப்படுவதில் பயனில்லை.

இலை கடிக்கும் ஆசைக்குத் தொட்டியில் கோதுமைப் புல்லோ ஓட்ஸ் புல்லோ வளர்த்துக் கொடுக்கலாம். லில்லியை மட்டும் வீட்டுக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது; அதன் மகரந்தத்தூள் பட்ட உடலை நக்கினால்கூடப் பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும். மின்வயர்களுக்கு எந்தப் பொம்மையும் மாற்றாகாது. அவற்றைக் கெட்டியான உறைக்குள் மறைத்துவிடுவதே வழி.

பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும் மூன்று முதல் ஆறு மாத வயதில் குட்டிகள் கண்டதையெல்லாம் கடிப்பது இயல்பு. வளர்ந்த பூனை திடீரென இப்பழக்கத்தைத் தொடங்கினால், பொம்மை தேடுவதற்கு முன் பல்லையும் ஈறுகளையும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. மெல்லுவதோடு நில்லாமல் துணியைத் தின்னும் பூனைகளும் உண்டு. சயாமீஸ், பர்மீஸ் இனங்களில் கம்பளியைச் சப்பும், தின்னும் பழக்கம் கூடுதலாகக் காணப்படுகிறது. அத்தகைய பூனைக்கு நான் மேலே புகழ்ந்த துணிப்பொம்மையும் ஆகாது. அதற்கு என்ன தரலாம் என்பதைப் பூனையைப் பரிசோதித்த மருத்துவரே சொல்ல வேண்டும்.