அளவுநாடா

மட்டக்களப்பில் ஐஸ் என்றால் மீன்பெட்டி ஐஸ்தான். விடியப்புறம் லொறியில் கட்டி கட்டியாக வந்து இறங்கும். உடைத்து மீனுக்கு மேல் கொட்டுவார்கள். அந்த ஐஸின் மேல், கத்தி பூட்டிய சப்பாத்தோடு ஒரு பிள்ளை வழுக்கி வந்து, எழும்பி, காற்றில் மூன்றரைச் சுற்றுச் சுற்றி ஒற்றைக்காலில் இறங்கும் என்று வாயால் சொன்னால் எங்கள் மைதானத்துப் பிள்ளைகள் நம்புவார்களா? 2019 மாசியில், பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சிக்கு நடுவில், கைப்பேசியில் வீடியோவைக் காட்டித்தான் நம்பவைத்தேன்.

அலிசா லியு. கலிபோர்னியாப் பிள்ளை, வயது 13. அதற்கு முதல் மாதம்தான் டெட்ராயிட்டில் நடந்த அமெரிக்கத் தேசிய ஐஸ் சறுக்கல் போட்டியில் வளர்ந்த பெண்களையெல்லாம் தாண்டி முதலிடம் எடுத்திருந்தாள். அவளுக்கு முன் அந்தப் பட்டத்தை மிகச் சின்ன வயதில் வென்றிருந்தவர் தாரா லிப்பின்ஸ்கி. 1997இல், 14 வயதில். பரிசு மேடையின் நடுப்படி இந்தப் பிள்ளைக்கு உயரம் கூடிப்போக, இரண்டாம் மூன்றாம் இடம் வந்த அக்காமார் கைகொடுத்து ஏற்றிவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் அதைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார்கள்.

"அப்பாட மீன்பெட்டிக்குள்ள கால வச்சாலே விறைச்சிரும் டீச்சர். இவ எப்பிடி நிக்கிறா?" என்று கேட்டவளுக்கும் அப்போது 13. நீளம் பாய்கிறவள். தகப்பன் வாவியில் வலை போடுகிறவர்.

"உன்ட வயசுதான் புள்ள" என்றேன் நான். அந்த ஒரு வசனத்தை அடுத்த இரண்டு வருடத்தில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இப்போது கூசுகிறது.

உடற்கல்வி ஆசிரியையாக எனக்கு முதல் நியமனம் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அங்கே மைதானம் என்பது அறுவடை முடிந்த வயல். பிறகு இந்தப் பக்கம் மாற்றலாகி வந்தேன். மார்கழி மழையில் மைதானம் குளமாகும். தையில் தண்ணீர் வற்ற வற்ற, வற்றிய பக்கமாக ஓடிப் பழகுவோம். வெபர் மைதானத்தில் வலய மட்டப் போட்டி என்றால் முதல் நாள் இரவு எனக்கு நித்திரை வராது. பிள்ளைகள் நன்றாகத் தூங்கியிருப்பார்கள். விளையாட்டை இந்த ஊரில் வளர்த்துவிட்ட அமெரிக்கப் பாதிரியார் ஒருவரின் பெயர் அந்த மைதானத்துக்கு. வெளியூர்க்காரர் ஒருவர் வந்து இவ்வளவு செய்தாரே, நாம் ஒரு பிள்ளையையாவது கொழும்புவரை கொண்டுபோக வேண்டாமா என்று எனக்குள் ஒரு வைராக்கியம் இருந்தது. அந்த வைராக்கியத்தில் என் பெயர் எவ்வளவு, பிள்ளையின் பெயர் எவ்வளவு என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

அவளைக் காலை ஐந்தரைக்குக் கல்லடிக் கடற்கரைக்கு வரச் சொல்வேன். ஈர மணலில் ஓட்டம், காய்ந்த மணலில் தாவல். என்னிடம் ஒரு சி.ஆர். கொப்பி இருந்தது. ஒவ்வொரு பாய்ச்சலையும் அளந்து எழுதுவேன். அளவுநாடாவின் பூச்சிய முனையை மணலில் ஒருத்தி பிடிக்க, மிதிபலகைப் பக்கம் நின்று நான் வாசிப்பேன். 4.31, 4.40, 4.38. இரண்டு சென்ரிமீற்றர் குறைந்தாலும் அவள் முகம் என்னைப் பார்க்கும். அந்த வருடம் உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, அத்தனை பிள்ளைகள் போய், ஊரே வாசற்கதவைச் சாத்தியிருந்த நாட்களில்கூட, பயிற்சி விட்டுப்போகிறதே என்ற கணக்கு என் தலைக்குள் ஓடியது. இதை எழுதாமலும் விட்டிருக்கலாம்.

14 வயதுக்குட்பட்ட பிரிவில் மாகாணத்தில் இரண்டாமிடம் வந்தாள். அகில இலங்கைப் போட்டிக்குப் போனோம். இறுதிச் சுற்று கிடைக்கவில்லை. எனக்கு அது போதவில்லை. அவளுடைய வயதுப் பிரிவில் இல்லாத முப்பாய்ச்சலை அப்போதே பழக்கத் தொடங்கினேன். அதே வருட ஆவணியில்தான் லேக் பிளசிட்டில் அலிசா லியு நான்கு சுற்றுப் பாய்ச்சலையும் மூன்றரைச் சுற்றையும் ஒரே நிகழ்ச்சிக்குள் இறக்கினாள். பெண்களில் அதற்கு முன் யாரும் போட்டியில் செய்யாதது. அந்த வீடியோவையும் காட்டினேன். வேறு என்ன செய்திருப்பேன்?

ஒரு உடற்கல்விக்காரிக்குத் தெரிந்திருக்க வேண்டிய விசயம் ஒன்று உண்டு, எனக்கும் தெரியும். ஐஸில் சுழல்வதற்குச் சின்ன உடம்பு வசதி. இடுப்பும் தோளும் ஒடுங்கியிருந்தால் கையை நெஞ்சோடு இறுக்கியதும் சுழற்சி வேகமெடுக்கும். உடம்பு வளரும்போது அதே பாய்ச்சலை முதலிலிருந்து படிக்க வேண்டிவரும். பலருக்கு அது திரும்பி வருவதே இல்லை. மணலிலும் அதுதான், வேறு மாதிரி. கால் நீள நீள எட்டு வைக்கும் தூரமும் நீளும். ஓட்டம் தொடங்கப் போன மாதம் போட்ட அடையாளம் இந்த மாதம் பிழைக்கும். நேற்றுவரை பலகையில் சரியாக விழுந்த பாதம் இன்று அரை அடி தாண்டி ஃபவுல். பிள்ளை தன்னில்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைக்கும். வளர்கிறாய், அவ்வளவுதான் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த இடத்தில் நின்ற நான், "கவனம் இல்ல உனக்கு" என்றேன்.

பிறகு முழங்கால். முழங்கால் சில்லுக்குக் கீழே, எலும்பில், ஒரு சின்ன மேடு. தொட்டால் நோகும், படி ஏறினால் நோகும். எலும்பு முந்தி வளர, தசைநார் அது ஒட்டியிருக்கிற இளம் எலும்பை இழுப்பதால் வருவது. பாய்கிற, குதிக்கிற பிள்ளைகளுக்கு அந்த வயதில் அடிக்கடி வரும், சறுக்குகிறவர்களுக்கும் வரும். பாரத்தைக் குறைத்து ஆறவிட்டால் பெரும்பாலும் தானாகவே மாறிவிடும். நான் தைலம் பூசச் சொன்னேன். "நோகாமப் பதக்கம் வருமா புள்ள?" என்றும் கேட்டேன். தாய் ஒரு நாள் வாசலில் நின்று, "டீச்சர் சொன்னாச் சரிதான், ஆனா ராவில அழுறாள்" என்றார். அந்த "ஆனா"வை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2020இல் கொரோனா வந்து எல்லோரையும் வீட்டில் வைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் முழங்காலுக்கு நான் செய்யாததை ஊரடங்கு செய்தது. ஆனால் பாடசாலை திறந்ததும் நான் போட்ட முதல் அழைப்பு அவளுக்குத்தான். வந்தாள், சில கிழமை. 2021 கடைசியில் ஒரு நாள் கொப்பியைத் திறந்துகொண்டு காத்திருந்தேன். சப்பாத்துப் போடாமல் வந்து நின்றாள்.

"போதும் டீச்சர். எனக்கு இனி ஏலா."

நான் பேசியவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவள் திருப்பி ஒரு சொல் சொல்லவில்லை.

2022 சித்திரையில் பெற்றோல் வரிசையில் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்றபோது கைப்பேசியில் அந்தச் செய்தி வந்தது. அலிசா லியு விலகிவிட்டாள். 16 வயது. பீஜிங் ஒலிம்பிக்கில் ஆறாமிடம், உலகப் போட்டியில் வெண்கலம், அடுத்த மாதமே விடை. ஐந்து வயதில் தொடங்கிப் பதினொரு வருடம் ஐஸில் நின்றாயிற்று, இனி மற்ற வாழ்க்கையைப் பார்க்கப் போகிறேன் என்ற மாதிரி எழுதியிருந்தாள். அழுகை இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. எங்கள் பிள்ளை சொன்னதும் அதேதான், ஐந்து சொல்லில். கடல் கடந்து போய் இங்கிலீஸில் வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அதுவும் ஒரு கேவலம்தான்.

வரிசையில் ஐந்து மணித்தியாலம் நின்றேன். வாசிக்க நேரம் இருந்தது. 2014 சோச்சியில் 15 வயதில் தங்கம் வென்ற குழுவில் நின்ற ரஷ்யப் பிள்ளை யூலியா லிப்னிற்ஸ்காயா, சாப்பாட்டை வெறுக்கும் நோயோடு மல்லாடி 19 வயதில் விலகியதை வாசித்தேன். அந்த ஆனியில் சர்வதேசச் சறுக்கல் சங்கம், பெரியவர் போட்டிக்கான குறைந்த வயதை 15இலிருந்து படிப்படியாக 17 ஆக்க முடிவெடுத்தது. சட்டம் போட்டு நிறுத்தவேண்டிய அளவுக்கு என்னைப் போன்ற ஆட்கள் உலகம் முழுக்க இருந்திருக்கிறோம்.

அதன்பிறகு என் வேலையில் மாறியவை பெரிய விசயங்கள் இல்லை. 14 வயதுக்குக் கீழே ஒரு பிள்ளைக்கும் ஒரே நிகழ்ச்சியை நிரந்தரமாக்குவதில்லை. பாய்கிறவள் பந்தும் எறியட்டும், வலைப்பந்தும் விளையாடட்டும். பாய்ச்சலைக் கிழமையில் ஒரு நாள்தான் அளப்பேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் உயரம் குறிப்பேன். விறுவிறென்று வளர்கிற மாதங்களில் தாவலைக் குறைத்துவிடுவேன். பதக்கங்களும் குறைந்துதான் போயின. ஆண்டறிக்கையில் எங்கள் பக்கம் சுருங்கியதைச் சிலர் சுட்டிக்காட்டினார்கள். சரியாகச் செய்கிறேனா என்று எனக்கே சில இரவுகளில் சந்தேகம் வரும். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றை நானே பின்னுக்கு இழுக்கிறேனோ என்று.

அலிசா லியு திரும்பி வந்ததும் ஊரறிந்த கதை. எவரெஸ்ட் அடிவாரத்துக்கு நடந்தாள், பல்கலைக்கழகம் போனாள், இரண்டு வருடம் ஐஸை விட்டு விலகியிருந்து 2024இல் தானாகத் திரும்பினாள், 2025 பங்குனியில் பொஸ்டனில் உலகப் பட்டம். அமெரிக்கப் பெண் ஒருவர் அதை எடுத்தது 2006க்குப் பிறகு அப்போதுதான். இதைப் படித்ததும் எனக்குள் பழைய பேய் தலைதூக்கியதை மறைக்கமாட்டேன். எங்கள் பிள்ளையும் வருவாளோ? கைப்பேசியில் அவளுடைய இலக்கத்தை எடுத்தேன். அழைக்காமல் வைத்துவிட்டேன்.

இந்த வருட இல்ல விளையாட்டுப் போட்டிக்கு உதவி செய்யப் பழைய மாணவிகள் சிலர் வந்திருந்தார்கள். அவளும் வந்தாள். சுண்ணாம்புக் கோடு போட்டாள், சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினாள், பாய்ச்சல் குழி மணலைக் கிளறிவிட்டாள். என்னோடு சாதாரணமாகத்தான் கதைத்தாள். எல்லாம் முடிந்து பந்தல்காரர் கயிறு அவிழ்க்கிற நேரம், நானும் இளைய டீச்சரும் நாடாவைச் சுற்றப் போனோம். அவள் செருப்பைக் கழற்றினாள், பாவாடையைத் தூக்கிச் செருகினாள், எங்கிருந்தோ ஓடி வந்தாள். அடையாளமும் வைக்கவில்லை. பலகையை மிதித்தாளா தாண்டினாளா என்று நான் பார்க்கவில்லை, அவள் காற்றில் இருந்ததைத்தான் பார்த்தேன்.

பழக்கதோசத்தில் இளைய டீச்சர் பூச்சிய முனையைக் கொண்டுபோய் மணலில் குத்தினா. நாடாவின் மற்ற முனை என் கையில்.

"அளக்க வேணாம் டீச்சர்" என்றாள், மணலில் இருந்தபடியே.

நான் நாடாவைச் சுற்றத் தொடங்கினேன். அவள் எழும்பிப் பாவாடையை உதறிவிட்டு, தேத்தண்ணி மிச்சம் இருக்கா என்று கேட்டுக்கொண்டே பந்தல் பக்கம் போனாள்.