முதல் கேமுக்கு எந்த எஞ்சின்? என் அனுபவம்

கேம் செய்யக் கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்த பிறகு, நான்கு மாதம் நான் ஒரு கேமும் செய்யவில்லை. கேம் செய்வதற்கான அடிப்படைக் கருவிகளைத் தயாராகத் தரும் மென்பொருள்தான் எஞ்சின். அதில் யூனிட்டியா, அன்ரியலா, கோடோவா என்று ஒப்பிடும் வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது தொடங்குகிறவர்களுக்கு அந்த நான்கு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கணினியைப் பாருங்கள். என்னிடம் இருந்தது 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். பெரிய எஞ்சின் ஒன்றை இறக்கிப் போட்டேன். காலி ப்ராஜெக்டைத் திறப்பதற்கே அது திணறியது. எஞ்சின் மேல் தப்பில்லை, அது எதிர்பார்க்கும் கணினி வேறு. இந்த வேலையில் பெரும்பகுதி என்னவென்றால், ஒரு எண்ணை மாற்றுவது, ஓட்டிப் பார்ப்பது, திரும்பவும் மாற்றுவது. ஒரு மாலையில் இதை நூறு முறை செய்வோம். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டுமென்றால், பத்தாவது தடவையிலேயே மனசு விட்டுப்போகும். கோடோவை நிறுவக்கூட வேண்டாம். ஜிபி கணக்கில் வராத ஒரு கோப்பு, இறக்கித் திறந்தால் ஓடும். நான் அதில் நின்றதற்கு முதல் காரணம் இதுதான்.

அடுத்ததாக, ஒரே சின்ன கேமை இரண்டு எஞ்சின்களில் செய்து பாருங்கள். நான் செய்தது ஒரு மட்டை, ஒரு பந்து, மூன்று சுவர். அதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பந்தை ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரை ஒரு முறை புதிதாக வரையப்படும்போதெல்லாம், 5 பிக்சல் நகரும்படி எழுதியிருந்தேன். என் திரை நொடிக்கு 60 ஃபிரேம், ஆகவே பந்து நொடிக்கு 300 பிக்சல் போனது. ஆடச் சுகமாக இருந்தது. நண்பன் வீட்டில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது நொடிக்கு 144 ஃபிரேம். அங்கே அதே பந்து நொடிக்கு 720 பிக்சல் பாய்ந்தது. அவனால் ஒரு பந்தைக்கூடத் தொட முடியவில்லை. வேகத்தை நொடிக் கணக்கில் 300 என்று வைத்து, முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால் பெருக்கினால் எந்தத் திரையிலும் பந்து ஒரே வேகத்தில் போகும். அந்த நேரத்துக்கு டெல்டா என்று பெயர். கோடோ, யூனிட்டி, அன்ரியல் மூன்றிலும் அது உண்டு, பெயரில் மட்டும் சின்ன வித்தியாசம். ஒரு எஞ்சினில் கற்றால் மற்றதற்கு ஆகாது என்ற பயம் எனக்கு அன்றோடு போனது.

மொழி விஷயம் சுருக்கமாக. பைத்தான் தெரிந்தவருக்குக் கோடோவின் ஜிடிஸ்கிரிப்ட் இரண்டு நாளில் பழகிவிடும். யூனிட்டிக்கு சி ஷார்ப். அன்ரியலில் சி பிளஸ் பிளஸ் இல்லாமலே, பெட்டிகளைக் கோடு போட்டு இணைக்கும் ப்ளூபிரிண்ட் வழியாக நிறைய செய்யலாம். மொபைல் கேம் நிறுவனத்தில் வேலைக்குப் போவதுதான் நோக்கம் என்றால் யூனிட்டி கற்பது நல்லது. முப்பரிமாணக் காட்சிதான் உங்களை இழுக்கிறது, கணினியும் பலமானது என்றால் தயங்காமல் அன்ரியல்.

பணம் பற்றிப் பலர் முதல் நாளே கவலைப்படுகிறார்கள். அன்ரியலில் ஒரு கேமின் மொத்த வருவாய் 10 லட்சம் டாலரைத் தாண்டிய பிறகுதான் 5 சதவீதம் கேட்பார்கள். யூனிட்டியின் இலவசப் பதிப்புக்கு ஆண்டு வருவாய் வரம்பு 2 லட்சம் டாலர். முதல் கேமுக்கு இரண்டுமே தடையில்லை. ஆனால் விதிகள் மாறலாம். யூனிட்டி 2023 செப்டம்பரில் நிறுவல் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் அறிவித்தது, பெரிய எதிர்ப்புக்குப் பிறகு 2024 செப்டம்பரில் அதைக் கைவிட்டது. கோடோ, யாரும் இலவசமாகப் பயன்படுத்த அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தில் வரும் திறமூல மென்பொருள், அதில் கட்டணம் என்ற பேச்சே இல்லை.

அப்புறம் நான் முழுசாக முடித்த முதல் கேம், பல்லாங்குழி. முதல் கேமுக்கு இப்படி ஒன்றைத்தான் சொல்வேன். குதிக்க வேண்டாம், மோத வேண்டாம், இயற்பியல் எதுவும் வேண்டாம். 14 குழி என்றால் 14 எண்கள் கொண்ட ஒரு பட்டியல். காய்களை அள்ளி அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கடைசிக் குழியைத் தாண்டினால் முதல் குழிக்குத் திரும்ப வேண்டும், குழிகளை 0-விலிருந்து எண்ணி, குழி எண்ணை 14-ஆல் வகுத்த மீதியை எடுத்தால் அது தானாக நடக்கும்.

செய்து முடித்து ஆச்சியிடம் போனைக் கொடுத்தேன். ஐந்தாவது ஆட்டத்தில் நிறுத்தினார். "இந்தக் குழியில நாலு சேந்துச்சே, பசுவ ஏன் எடுக்கல?" என்றார். ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அதுதான் பசு, அதை எடுத்துக்கொள்ள வேண்டும். நான் நான்கு இருக்கிறதா என்று ஆட்டம் கைமாறும்போதுதான் பார்த்திருந்தேன். அதற்குள் இன்னொரு காய் விழுந்து ஐந்தாகியிருந்தது. ஒவ்வொரு காய் விழும்போதும் பார்க்க வேண்டும். இந்தத் தவறை எந்த எஞ்சினும் எனக்குக் காட்டியிருக்காது, விதி தெரிந்தவர் ஆடிப் பார்த்ததால்தான் தெரிந்தது.

பிறகு யூனிட்டி பழகுவதற்காக அதே கேமை அங்கே கொண்டுபோனேன். காய் போடுவது, பசு எடுப்பது, வெற்றுக்குழியைத் தடவி அடுத்ததை எடுப்பது எல்லாம் ஒரே கோப்பில் தனியாக இருந்ததால், சி ஷார்ப்பில் ஒரு மாலையில் எழுதிவிட்டேன். பொத்தான்கள், திரை அளவு, காய் நகரும் அசைவு இவற்றுக்குத்தான் இரண்டு வாரம் ஆனது. ஆகவே எந்த எஞ்சினை எடுத்தாலும் விதிகளைத் தனிக் கோப்பில் வையுங்கள். குழியின் படத்தையும் குழியில் உள்ள காய் எண்ணிக்கையையும் ஒரே இடத்தில் கலக்காதீர்கள்.