மழை பெய்தால் விடியற்காலையில் அணையும் 2300

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. கானாடுகாத்தான் பக்கம் ஒரு செல்போன் டவரில் இரண்டு பேண்டு (அலைவரிசைத் தொகுப்பு): 1800 மெகாஹெர்ட்ஸ் நன்றாக ஓடுகிறது, 2300 மட்டும் விடியற்காலையில் அணைந்துபோய் மத்தியானம் வாக்கில் தானாகவே வந்துவிடுகிறது. காரைக்குடியிலிருந்து நான் வண்டியில் போய்ச் சேரும்போது எல்லாம் சரியாகவே இருக்கும்.

முதல் நாள் அலாரம் பதிவைப் பார்த்தேன். டவர் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும் ஜிபிஎஸ் இரவு 12:40க்குப் போயிருக்கிறது, 2300 அணைந்தது 4:45க்கு. ஜிபிஎஸ் போன பிறகும் நாலு மணி நேரம் எப்படி ஓடியது, 1800க்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று எனக்குப் பிடிபடவில்லை. டவர் பெட்டிக்குள் இருக்கும் கார்டை மாற்றச் சொன்னார்கள், இரண்டாம் நாள் மாற்றினேன். அன்று ராத்திரியும் அதே கதைதான்.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இங்கே பெரிய வீடுகளில் முகப்பில் ஒன்று, வளவில் ஒன்று என்று பழைய பெண்டுலக் கடிகாரங்கள் இருக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடலாம், ஆனாலும் ஒன்று ஐந்து நிமிடம் முந்திக் காட்டலாம். வேகம் ஒத்துப்போவது அதிர்வெண், முள் ஒரே இடத்தில் இருப்பது ஃபேஸ். 1800 எஃப்டிடி, அனுப்பவும் வாங்கவும் தனித்தனி அலைவரிசை, அதற்கு வேகம் சரியாக இருந்தால் போதும். இரண்டு கோடி துடிப்புக்கு ஒன்று வரை பிசகலாம். 2300 டிடிடி, ஒரே அலைவரிசையில் நேரத்தைப் பங்கு போட்டு அனுப்பி வாங்குவது. பக்கத்து டவர் கேட்கும் நேரத்தில் நம் டவர் பேசினால் அதன் காது அடைத்துவிடும், அதனால் பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோசெகண்டுக்கு மேல் விலகக் கூடாது.

ஜிபிஎஸ் போனால் பெட்டிக்குள் கடிகாரமாகத் துடிக்கும் கிரிஸ்டல் தன் நினைவில் ஓடும், ஹோல்டோவர் என்பது அதுதான். அது ஆயிரம் கோடியில் ஒன்று பிசகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிர்வெண் கணக்கில் அது ஒன்றுமே இல்லை, அனுமதியைவிட 500 மடங்கு சுத்தம். ஆனால் நாலு மணி நேரம் என்பது 14,400 விநாடி, அத்தனை விநாடிக்கும் அந்தப் பிசகு சேர்ந்துகொண்டே போய் 1.44 மைக்ரோசெகண்டில் நிற்கிறது! தாளில் அந்த எண்ணைப் பார்த்ததும் 12:40ம் 4:45ம் ஒன்றாகப் பொருந்தின. பெட்டி சரியாகத்தான் நடந்திருக்கிறது, பக்கத்து டவரைக் கெடுக்காமல் தானே ஒதுங்கியிருக்கிறது.

மூன்றாம் நாள், டவருக்கு இடம் கொடுத்த வீட்டு ஆச்சி கேட்டார்கள்: "ஏந்தம்பி, மழை பேஞ்ச மறுநா விடியக்காலைல மட்டும் படம் நின்னு நின்னு வருது, வெயில் ஏறுனா சரியாயிருது. சிங்கப்பூர்ல இருக்க மகன் அந்நேரந்தானே பேசுவான்?"

மழை, வெயில். கார்டைப் பிடித்துத் தொங்கிய நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்குள் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது, அதற்குக் கரண்ட் அதே கேபிள் வழியாகவே போகிறது. பெட்டிப் பக்கம் கேபிளைக் கழற்றி அளந்தால் 5 வோல்ட், மாட்டிக்கொண்டு ஆன்டெனா முனையில் அளந்தால் 3.1. கனெக்டரைத் திறந்தேன், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர், நடு ஊசியில் செம்புப் பாத்திரத்தில் ஏறுகிற மாதிரி பச்சைக் களிம்பு. ராத்திரி ஈரத்தில் கரண்ட் கசியும், பகலில் காய்ந்து செயற்கைக்கோள் கிடைத்துவிடும்.

டேப்பை மேலிருந்து கீழே சுற்றியிருந்தார்கள், ஒவ்வொரு சுற்றின் விளிம்பிலும் தண்ணீர் தங்கி உள்ளே இறங்கும். கடைசிச் சுற்று கீழிருந்து மேலே ஏற வேண்டும், ஓட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மீது படிகிற மாதிரி. முனையை வெட்டிப் புது கனெக்டர் போட்டு அப்படியே சுற்றினேன்.

ஜிபிஎஸ் சிக்னல் கேபிளைக் கடந்து வர ஆகும் தாமதத்துக்குப் பெட்டியில் யாரோ பூஜ்யம் போட்டு வைத்திருந்தார்கள். மீட்டருக்கு 4 நானோசெகண்டுக்குக் கொஞ்சம் மேல், 40 மீட்டர் கேபிளுக்கு 170 என்று திருத்தினேன். அனுமதி 1.5 மைக்ரோசெகண்ட், அதாவது 1500 நானோசெகண்ட், அதில் இது சின்ன அளவுதான், இருந்தாலும் சும்மா ஏன் இழக்க வேண்டும்?

இரண்டு நாள் கழித்து இரவு முழுக்க மழை. காலை ஆறு மணிக்குப் பதிவைத் திறந்தேன், ஒன்பது செயற்கைக்கோள், அலாரம் எதுவும் இல்லை.