மகளின் ஏர் ரைஃபிளுக்கு பெல்லட் பேட்ச் தேடிய கதை

மகள் பெங்களூரில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். கிளப் ரைஃபிளிலேயே ரொம்ப நாள் ஓட்டிவிட்டு, போன வருஷம்தான் சொந்தமாக ஒரு ஜெர்மன் ரைஃபிள் வாங்கினோம். லைசென்ஸ் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 4.5 மி.மீ. விட்டம், 20 ஜூலுக்குக் கீழே சக்தி என்றால் தேவையில்லை. போட்டி ரைஃபிள்கள் சுமார் ஏழரை ஜூல்தான். ரைஃபிளைப் பார்த்ததும் கோச் கேட்ட முதல் கேள்வி, "பெல்லட் டெஸ்ட் பண்ணிட்டீங்களா சார்?" பெல்லட் என்பது ஏர் ரைஃபிளில் போடும் சின்ன ஈயக் குண்டு.

வெடிமருந்துத் தோட்டா சுடும் .22 ரைஃபிள்காரர்கள் புது பேரல் (குழல்) போடும்போது எந்த ரீமரால் (துளையைக் கடைந்து அளவாக்கும் கருவி) சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) வெட்டச் சொல்வது என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். தாராளமான சாதாரண சேம்பரா, போல்ட்டை மூடும்போதே குண்டு ரைஃப்ளிங்கில் (குழலின் உட்சுவரில் உள்ள சுருள் வரிகள்) போய்க் கடிக்கும் மேட்ச் சேம்பரா என்று. ஏர் ரைஃபிளில் அந்த வேலையே கிடையாது. கம்பெனி கொடுத்த பேரல்தான் பேரல், அதற்குத் தோதான பெல்லட்டை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோச் கேட்ட பெல்லட் டெஸ்ட் அதுதான். என் மனைவியின் தம்பி பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரித்தான். "நாங்க பின்னைக் கையில வெச்சுக்கிட்டு ஓட்டைக்கு ரீமர் போடுவோம். நீங்க ஓட்டையை வெச்சுக்கிட்டு பின் தேடுறீங்க மாமா."

பெல்லட் டப்பாவின் மேல் 4.49, 4.50, 4.51 என்று ஒரு எண் இருக்கும். அது பெல்லட்டின் தலை விட்டம். ரைஃப்ளிங்கில் உரசிக்கொண்டு போவது தலை. பின்னால் பாவாடை மாதிரி விரிந்திருக்கும் பகுதி காற்றை அடைக்கும். அந்த எண்ணைப் பார்த்து வாங்கினால் போதும் என்றுதான் கடைக்காரர்கள் சொல்வார்கள். போதாது. ஒரே கம்பெனி, ஒரே 4.49, ஆனால் வேறு பேட்ச் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) என்றால் நடத்தையே வேறாக இருக்கும். டப்பாவின் பின்பக்கம் ஸ்டிக்கரில் உள்ள பேட்ச் நம்பரைத்தான் பார்க்க வேண்டும்.

இது எவ்வளவு முக்கியம் என்று வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இலக்கின் நடுப்புள்ளி அரை மி.மீ. பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து கால் மி.மீ.க்குள் விழுந்தால் 10.9 புள்ளி, ஒரு ஷாட்டுக்கு அதுதான் உச்சம். அதற்கு மேல் ஒவ்வொரு கால் மி.மீ.க்கும் 0.1 குறையும், இரண்டரை மி.மீ. வந்தால் 10.0. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா கடைசியாகச் சுட்ட 10.8 என்பது மையத்திலிருந்து அரை மி.மீ.க்குள். இப்போது, சராசரியாக 2 மி.மீ. தள்ளிச் சுடும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பெல்லட் தன் பங்குக்கு அரை மி.மீ. சிதறினால் ஒரு போட்டியின் 60 ஷாட்டில் போவது ஏறக்குறைய ஒன்றரைப் புள்ளி. ஒரு மி.மீ. சிதறினால் ஐந்தரைக்கு மேல். இரண்டுக்கும் இடையே நான்கு புள்ளி. மாநிலப் போட்டியில் நான்கு புள்ளிக்குள் எத்தனை பேர் நிற்பார்கள் என்று ஜூனியர் பெற்றோர்களுக்குத் தெரியும். அதே சமயம், இன்னும் 8, 9 என்று சுட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு இந்த வேலையெல்லாம் வீண், அந்தக் காசில் நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள்.

அப்புறம் டப்பா சேகரிக்கிற படலம். ஒரு பேட்சுக்கு ஒரு டப்பா என்று நானே வாங்கியிருந்தால் கட்டுப்படியாகாது, ஒரு டப்பாவில் 500 பெல்லட். ரேஞ்சில் மற்ற பெற்றோர்களிடம் பேசினேன். ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தார்கள், நானும் என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் இரண்டிலுமாகப் பல பேட்ச் சேர்ந்தது. ஒவ்வொன்றையும் தனி மாத்திரை டப்பாவில் போட்டு பேட்ச் நம்பரை எழுதி ஒட்டினேன். அதில் மட்டும் சோம்பல் கூடாது, எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் ஒரே அச்சாக இருக்கும். கூரியரில் அடிபட்டுப் பாவாடை நசுங்கியவற்றைக் கண்ணாடித் துண்டின்மேல் உருட்டிப் பார்த்துக் கழித்தேன். சிலர் ஒவ்வொரு பெல்லட்டையும் தராசில் நிறுத்துப் பிரிக்கிறார்கள். மேட்ச் பெல்லட்டுக்கு அது வேண்டாத வேலை என்பது என் எண்ணம்.

சோதிக்கும்போது ரைஃபிள் அசையாமல் இருக்க அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப், மச்சான் செய்து கொடுத்தது. ஸ்டாக்கைக் கழற்றிவிட்டு, ஸ்டாக் போல்ட் மாட்டும் இடத்திலேயே ரைஃபிளைக் கனமான இரும்புத் தட்டில் இறுக்குவது. பேரலை எக்காரணம் கொண்டும் பிடிக்கக் கூடாது, அதை நெருக்கினால் எந்த அளவையும் நம்ப முடியாது. தட்டை ரேஞ்சின் சிமெண்ட் திட்டில் வைத்துக் கட்டினோம். மேஜையில் வைத்தால் பக்கத்து லேனில் யாராவது நடந்தாலே அதிர்கிறது. கிளாம்ப் உட்காரட்டும் என்று முதலில் கொஞ்சம் சும்மா சுட்டோம், பேட்ச் மாற்றும்போதெல்லாம் சில ஷாட்டைக் கணக்கில் எடுக்கவில்லை. ரைஃபிளின் காற்று சிலிண்டர் 200 பார் அழுத்தத்தில் நிரப்பியது, பாதிக்குக் கீழே இறங்க விடவில்லை. சாதாரணத் தாளில் சுட்டால் ஓட்டையின் விளிம்பு கிழிந்துபோய் அளக்கவே வராது. கெட்டி டார்கெட் அட்டைதான் வேண்டும்.

பத்து பத்து ஷாட். ஒவ்வொரு பத்தையும் வெர்னியரால் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்தோம். பெல்லட்டே 4.5 மி.மீ. என்பதால் பத்தும் ஒரே ஓட்டையில் போனாலும் 4.5 வரும், அதற்கு மேல் உள்ளதுதான் சிதறல். ஒரு 4.50 பேட்ச் முதல் அட்டையில் 5.2 கொடுத்தது. "இதேதான்பா, இன்னும் என்ன பாக்கிறீங்க?" என்று மகள் குதித்தாள். வரிசையை மாற்றி மறுபடி சுட்டபோது அதே பேட்ச் 5.7, முன்பு 5.6 கொடுத்த ஒரு 4.49 இப்போது 5.3.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். பத்து ஷாட் குரூப்பில் அரை மி.மீ. முன்னே பின்னே இருப்பது வெறும் அதிர்ஷ்டமாக இருக்கலாம். எந்தப் பேட்ச் முதலிடம் என்று இந்தச் சோதனை சொல்லாது. எது மோசம் என்று மட்டும் திட்டவட்டமாகச் சொல்லும். ஒரு பேட்ச் எப்போது சுட்டாலும் 6.5, 7 என்று விரிந்தது, அட்டையில் ஓட்டை நீளவாக்கில் முட்டை வடிவில் இருந்தது. அந்தப் பிராண்டை ரேஞ்சில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள், அவர்கள் பேரலுக்கு அது ஒத்துப்போயிருக்கலாம். எங்களுக்கு ஆகவில்லை. இப்படிக் கழித்ததில் மூன்று பேட்ச் மிஞ்சியது. அதில் எது கடையில் நிறைய ஸ்டாக் இருக்கிறதோ அதை எடுப்பது என்று முடிவு செய்தோம்.

வாங்கும்போது ஸ்டிக்கரை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு இணையக் கடை "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று வேறு பேட்ச் அனுப்பிவிட்டது, திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. கடைசியில் இன்னொரு கடையில், 4.49 பேட்சில் ஒரு பெட்டியே கிடைத்தது. தினப் பயிற்சிக்கு விலை குறைந்ததைச் சுடுகிறாள், போட்டிக்கு முந்தைய வாரத்திலிருந்து இதுதான், பெல்லட் மாறினால் சைட்டில் (குறிபார்க்கும் கருவி) ஓரிரு கிளிக் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால். சோதித்துவிட்டு மிஞ்சிய பெல்லட்டை வேண்டுமென்றவர்களுக்கு பேட்ச் நம்பரோடு கொடுத்துவிட்டேன். ஈயம் என்பதால் எண்ணிக் கொடுத்த பிறகு சோப்பு போட்டுக் கை கழுவச் சொன்னேன், பிள்ளைகள் அதே கையோடு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கப் போய்விடுகிறார்கள்.