அப்பா சாயல்

முன்பற்களால் தோசையைக்கூடப் பிய்த்துத் தின்ன முடியவில்லை என்றுதான் அந்தப் பெண் வந்தாள். கீழ்த்தாடை முன்னே துருத்தியிருந்தது. கல்யாணப் பேச்சை அம்மா தனியாக வந்து என்னிடம் சொன்னார். அப்பா கடைசிவரை நாற்காலியில் உட்காரவேயில்லை. அவருக்கும் அதே தாடை.

முதலில் ஒன்றரை வருடம் பல்லுக்குக் கம்பி. பற்களைச் சரியான சாய்வுக்குக் கொண்டுவரக் கொண்டுவர, தாடை முன்பைவிடத் துருத்தித் தெரியும். "சரி பண்ணச் சொன்னா கெடுத்து வச்சிருக்கீங்களே டாக்டர்" என்று பலர் கேட்பார்கள். அவளும் கேட்டாள்.

அப்புறம் அறுவை சிகிச்சை. மேல்தாடையை முன்னே நகர்த்தி, கீழ்த்தாடையை இருபுறமும் பிளந்து பின்னே தள்ளி, டைட்டானியத் தகடும் திருகும் வைத்தோம். எல்லாம் வாய்க்குள்ளிருந்தே என்பதால் வெளியே தழும்பு இல்லை. மூன்றாம் நாள் முகம் பூசணிக்காய். வார்டில் கண்ணாடியை எடுத்துவிடலாம். செல்போனை என்ன செய்வது?

ஆறாவது வாரம் எக்ஸ்ரேயைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை. அவளோ, "மூக்கு அகலமாயிடுச்சு இல்ல டாக்டர்?" என்றாள். ஆமாம். மேல்தாடை முன்னே வந்தால் மூக்கின் அடி விரியும். இழுத்துத் தையல் போட்டாலும் கொஞ்சம் விரியத்தான் செய்யும். ஒப்புதல் படிவத்தில் அது இருந்தது, அவள் கையெழுத்தும் இருந்தது. நான்தான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கீழுதட்டில் இன்னும் மரமரப்பு. காபி வழிவது அவளுக்கே தெரியவில்லை, அம்மா முந்தானையால் துடைத்துவிட்டார். "இனிமே எம் பொண்ணுன்னு நானே சொன்னாத்தான் ஊர்ல தெரியும்" என்று சொல்லிச் சிரித்த அப்பா, தன் தாடையைத் தடவிக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை. உதடு மரத்திருந்ததால்தான் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வருடம் கழித்து வந்தபோது திருப்திப் படிவத்தைக் கொடுத்தேன். கடிப்பது, பேசுவது, முகத்தோற்றம், எல்லாவற்றுக்கும் 'மிகவும் திருப்தி' என்று டிக் அடித்தாள். முறுக்கு கடிக்கிறாளாம். மரமரப்பு தாடை நுனியில் மட்டும் மிச்சம். மூக்கைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கிளம்பும்போது, "பேங்க்ல ஆதாரைப் பாத்துட்டு நீங்கதானான்னு கேக்கறாங்க டாக்டர்" என்றாள்.

"போட்டோவை மாத்திக்கலாமேம்மா."

"மாத்தணும்" என்றாள். "அது பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."