தொடைக்குப் போய்ச் சேராத கட்டளை

முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள். பிசியோதெரபிஸ்ட் என் முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, "தொடையை இறுக்கி இதைக் கீழே அழுத்துங்க" என்றார். பல்லைக் கடித்தேன், தோள் விறைத்தது, மூச்சுகூட நின்றது. தொடை மட்டும் துணிபோலக் கிடந்தது. பல வருடம் ஓடிய கால் இது. மூன்று நாளில் தசை எங்கே போய்விடும்? பயத்தில் கண் கலங்கிவிட்டது.

தசை எங்கும் போகவில்லை என்று அவர் விளக்கினார். மூட்டு வீங்கி நீர் கோத்திருக்கும்போது அங்குள்ள நரம்புகள் தண்டுவடத்துக்கு ஓயாமல் செய்தி அனுப்புமாம். தண்டுவடம் தொடைத் தசையை இயக்கும் நரம்புகளை அடக்கிவிடும். மூளை இடும் கட்டளை முழுதாகப் போய்ச் சேராது. அதனால் முதலில் வீக்கத்தை வடிய வைக்க வேண்டும். ஐஸ் ஒத்தடம், காலை உயர்த்தி வைப்பது என்றே அந்த வாரம் போனது.

அப்புறம்தான் தசையைக் கூப்பிடும் வேலை. முதலில் நல்ல காலை இறுக்கி, அந்த உணர்வு எப்படி இருக்கிறது என்று கவனிப்பேன். பிறகு அதையே இந்தக் காலில் தேடுவேன். விரல் நுனியைத் தொடையின் உட்பக்கம், முட்டிச் சில்லுக்குச் சற்று மேலே வைத்துக்கொண்டு, கண்ணை அங்கிருந்து எடுக்காமல் முயல்வேன். மின்தூண்டல் பட்டைகளும் உதவின. முடியாத நேரத்தில் இறுக்குவதாக மனதில் நினைத்தாலே போதும் என்றார். நம்பிக்கை வரவில்லை. தேடிப் படித்தேன். 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வாரம் சுண்டுவிரல் பயிற்சியைக் கற்பனையில் மட்டும் செய்தவர்களுக்கே 22 சதவீதம் பலம் கூடியிருக்கிறது. நிஜமாகச் செய்தவர்களுக்கு 30. அதன்பின் படுத்திருந்த நேரமெல்லாம் அதுதான் எனக்கு வேலை.

ஒன்பதாம் நாள் காலையில் விரலுக்கு அடியில் ஒரு துடிப்பு. முட்டிச் சில்லு ஒரு நூல் அளவு மேலே ஏறி இறங்கியது. அழுதேவிட்டேன்.

அடுத்த சில வாரத்தில் காலை நேராகத் தூக்க முடிந்தது. ஆனால் டேப் வைத்து அளந்தால் தொடையின் சுற்றளவு கூடவே இல்லை. தசை பருக்க மாதக்கணக்கில் ஆகும், ஆரம்பத்தில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பு மண்டலத்தின் கைவரிசைதான் என்றார். இதே நிலையில் இருப்பவர்கள் டேப்பைப் பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள். வீக்கம் வடிகிறதா, சில்லு அசைகிறதா என்று பாருங்கள்.

ஆறாவது வாரம் படி ஏறும்போது பழக்கதோஷத்தில் தொடையில் விரலை வைத்தேன். நான் கூப்பிடும் முன்பே இறுகியிருந்தது.