ஒலிவமலை அடிவாரத்தில் ஒரு மணி நேரம்

அம்மா இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து அப்பாவும் நானும் எருசலேமுக்குப் போனோம். போக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அப்பா. அவருக்கு வயது 71, இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். தனியாக அனுப்ப மனம் வராமல் துணைக்குக் கிளம்பினேன். எனக்கென்று வேண்டிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் நோய் முற்றியிருந்த நாட்களில் வீட்டுக்கு வந்து ஜெபித்த ஒருவர், கொஞ்சமும் சந்தேகப்படாமல் கேட்டால் அம்மா எழுந்து நடப்பார் என்று உறுதியாகச் சொன்னார். ஒரு முறை கேட்டுவிட்டு நன்றி சொல்லுங்கள், திரும்பத் திரும்பக் கேட்பது அவிசுவாசம் என்றும் சொன்னார். அடக்கம் முடிந்த மறுவாரம் அவரே வந்து, வீட்டில் யாரோ ஒருவருடைய விசுவாசம் குறைந்திருக்கிறது என்றார். யார் என்று எனக்குத் தெரியும். கடைசி ஸ்கேன் முடிவு வந்த இரவில் அதை நான்கைந்து முறை படித்துவிட்டு, ‘அம்மா பிழைக்கமாட்டார்’ என்று மனதுக்குள் சொன்னவள் நான். அந்த ஓர் இரவை நான்கு ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை, அப்பாவிடமும்.

ஜெபத்தை நான் விட்டுவிடவில்லை. ஜாக்கிரதையாக ஜெபிக்கத் தொடங்கினேன். மறுக்கப்பட வாய்ப்பில்லாதவற்றை மட்டும் கேட்டேன். ‘இந்த நாளை ஆசீர்வதியும், எல்லோரையும் காத்துக்கொள்ளும், உமது சித்தம்போல் ஆகட்டும்.’ கேட்பவர்களுக்கு அது முதிர்ந்த விசுவாசமாகத் தோன்றியிருக்கும். உள்ளே இருந்தது பயம்.

ஒலிவமலைக்குப் போன அன்று முதலில் மலை உச்சிக்கு அருகிலுள்ள பரமபிதா ஜெப ஆலயத்துக்குச் சென்றோம். இயேசு சீடர்களுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்த இடம் என்று மரபு சொல்கிறது. நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர் கட்டிய ஆலயம் ஒன்று இங்கே இருந்தது. இன்று சுவர்களெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் பரமண்டல ஜெபம் ஓடுகளில் எழுதிப் பதிக்கப்பட்டிருக்கிறது. தமிழும் இருக்கிறது. தமிழ் எழுத்துகளைக் கண்டதும் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பள்ளிப் பிள்ளையைப் போல ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்திப் படித்தார். மனப்பாடமாகத் தெரிந்த ஜெபம்தான். இருந்தாலும் ஒரு சொல்லைக்கூட விடாமல் படித்தார்.

அங்கிருந்து இறங்கும் பாதை மிகவும் செங்குத்தானது. குருத்தோலை ஞாயிறன்று பவனி வரும் பாதை இது. அப்பா ஒரு கையால் என் தோளையும் மறு கையால் சுவரையும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் கால் வைத்து இறங்கினார். இடையில் கண்ணீர்த் துளி வடிவில் கட்டப்பட்ட சிறிய ஆலயம் வந்தது. இயேசு எருசலேமைப் பார்த்து அழுததை நினைவுகூரும் இடம் அது. அதன் வாசலில் அப்பாவை உட்காரவைத்தேன். எதிரே கெதரோன் பள்ளத்தாக்கும், அதற்கு அப்பால் பழைய நகரத்தின் மதிலும், அடைக்கப்பட்ட பொற்கதவும் தெரிந்தன. நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை.

மலையின் அடிவாரத்தில், இயேசு பிடிபட்ட இரவில் ஜெபித்த கெத்செமனே தோட்டம் இருக்கிறது. பெயரின் பொருள் எண்ணெய்ச் செக்கு. வெளியே பரபரப்பான சாலை, பஸ்களின் இரைச்சல். உள்ளே இரும்பு வேலிக்குள் எட்டு ஒலிவ மரங்கள். அடிமரம் ஒவ்வொன்றும் முறுக்கிப் பிழிந்த துணி உறைந்துபோனது போல இருக்கிறது. நடுவில் பொந்து விழுந்து, பட்டை வெடித்து, இனி உயிர் இருக்காது என்று தோன்றும் இடத்திலிருந்து இளங்கிளைகள் வெள்ளி கலந்த பச்சை இலைகளோடு கிளம்பியிருக்கின்றன. இத்தாலிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட முடிவின்படி, காலம் கணிக்க முடிந்த மூன்று மரங்களின் அடிமரங்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டை ஒட்டியவை. எட்டு மரங்களுக்கும் மரபணு ஒன்றே. ஒரே தாய்மரத்திலிருந்து வந்தவை என்று பொருள். ஒலிவ மரத்தை வெட்டினாலும் அதன் வேரிலிருந்து மீண்டும் தளிர்க்கும். இயேசுவைக் கண்ட மரங்கள்தானா என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி முக்கியமாகப் படவில்லை. இந்த மலைச்சரிவில் ஓர் இரவு அவர் முகங்குப்புற விழுந்தார் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

பக்கத்தில்தான் சகல நாடுகளின் ஆலயம். பல நாட்டு மக்களின் காணிக்கையால் 1919க்கும் 1924க்கும் இடையில் கட்டி முடிக்கப்பட்டது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் அந்தோனியோ பர்லூச்சி வடிவமைத்தார். உள்ளே விளக்கவுரை கூடாது என்று அறிவிப்பு வைத்திருக்கிறார்கள். எங்களை அழைத்து வந்த போதகர் வாசலிலேயே எங்களை நிறுத்தி, மாற்கு பதினாலாம் அதிகாரத்திலிருந்து ஒரு பகுதியை மட்டும் படித்தார். பிறகு, “ஒரு மணி நேரம் இருக்கிறது. யாரும் யாரோடும் பேச வேண்டாம்” என்றார்.

உள்ளே நுழைந்ததும் கண் இருண்டது. வெளியே உச்சி வெயில், உள்ளே இரவு. சன்னல்களில் ஊதா நிறத்தில் மெல்லிய கல் பலகைகளைப் பொருத்தி வெளிச்சத்தை வடிகட்டியிருக்கிறார்கள். மேலே கூரையின் குவிமாடங்களில் கருநீல வானமும் நட்சத்திரங்களும். அந்த வியாழன் இரவை அப்படியே நிறுத்திவைத்தது போன்ற இருட்டு. பீடத்துக்கு முன்னால் மட்டும் தரை உடைந்து, மலையின் பாறை வெறுமையாகக் கிடக்கிறது. செதுக்காத, மேடுபள்ளமான வெளிறிய பாறை. அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு முள்முடியின் வடிவில் இரும்பு வேலி.

அப்பா அந்த வேலியருகே போய், என் கையை விட்டுவிட்டு, முழங்காலிட்டார். மருத்துவர் கண்டிப்பாகத் தடுத்திருந்த காரியம். தடுக்கப் போனவள் நின்றுவிட்டேன். அவர் முதலில் ஒரு காலை மடக்கி, வேலியைப் பிடித்து மூச்சு வாங்கி, பிறகு மறுகாலை இறக்கினார். குனிந்து கையை நீட்டி உள்ளங்கையைப் பாறைமேல் வைத்தார். உதடுகள் அசைந்தன.

நான் பின்னால் ஒரு இருக்கையில் உட்கார்ந்து வேதாகமத்தைத் திறந்தேன். அந்த வெளிச்சத்தில் எழுத்து சரியாகத் தெரியவில்லை. வாசலில் போதகர் படித்தது மட்டும் காதில் நின்றது. “அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும், ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது.”

சிறு வயதிலிருந்து கேட்ட வசனம், இயேசுவின் ஜெபம். பாத்திரம் என்பது அவருக்கு முன்னிருந்த பாடும் மரணமும். அன்றுதான் அதில் மூன்று படிகள் இருப்பது எனக்குப் புலப்பட்டது. உம்மால் முடியும் என்பது முதல் படி. எடுத்துப்போடும் என்பது இரண்டாவது. உமது சித்தம் என்பது மூன்றாவது. நான் நான்கு ஆண்டுகளாக இரண்டாவது படியில் கால் வைக்காமல் மூன்றாவதுக்குத் தாண்டிக்கொண்டிருந்தேன். அவர் தாண்டவில்லை. பாவமே இல்லாத தேவகுமாரன், எதற்காக உலகுக்கு வந்தாரோ அதையே, வேண்டாம், எடுத்துவிடும் என்று தம் பிதாவிடம் வாய்விட்டுக் கேட்டார். திகிலடைந்தார் என்று மாற்கு எழுதுகிறார். வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாக விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். ஒரு தடவை கேட்டுவிட்டு எழுந்துவிடவும் இல்லை. மூன்றாம் தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயுவில் இருக்கிறது. திரும்பக் கேட்பது அவிசுவாசம் என்றால் இந்தப் பாறையை என்ன சொல்வது? மனதில் திகில் எழுவது அவிசுவாசம் என்றால்? அந்த ஸ்கேன் முடிவைப் படித்த இரவில் எனக்கு வந்ததும் திகில்தான். அதை அப்பொழுதே அவரிடம் கொண்டுபோயிருக்கலாம். ஒளித்துவைத்தேன்.

காலையில் மலையுச்சியில் அப்பா விரல் வைத்துப் படித்த ஜெபம் நினைவுக்கு வந்தது. மேலே ‘பிதாவே’ என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தவர், இங்கே தாமே ‘அப்பா பிதாவே’ என்று கூப்பிட்டார். சோதனைக்குட்படப் பண்ணாமல் காத்துக்கொள்ளும் என்று கேட்கச் சொன்னவர், தூங்கி வழிந்த சீடர்களை எழுப்பி, சோதனைக்குட்படாதபடி விழித்திருந்து ஜெபியுங்கள் என்றார். உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக என்ற வரியை, மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் அதே சொற்களில், இரண்டாம் முறை ஜெபிக்கும்போது அவரே சொல்கிறார். கற்றுக்கொடுத்த ஜெபத்தைத் தம் இரத்த வியர்வையில் தாமே ஜெபித்துக் காட்டியிருக்கிறார்.

இன்னொன்றும் உறைத்தது. அன்றிரவு அவர் இங்கே வந்தது வழக்கத்தின்படி என்கிறார் லூக்கா. அடிக்கடி வந்ததால்தான் அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்கும் இடம் தெரிந்திருந்தது என்கிறார் யோவான். பிடிபடுவோம் என்று தெரிந்தும் வழக்கமாக ஜெபிக்கும் இடத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. துன்பம் வந்தபின் ஜெபிக்க ஓர் இடத்தைத் தேடவில்லை, ஏற்கெனவே பழகிய இடத்துக்கு நடந்து வந்தார். என் அப்பா விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து உட்காரும் நாற்காலியை நினைத்துக்கொண்டேன். அம்மா இருந்தபோதும் அதே நாற்காலி, இறந்த மறுநாள் காலையிலும் அதே நாற்காலி. அன்று அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம்கூட வந்தது.

‘அப்பா’ என்ற அந்தச் சொல் அரமேய மொழிச் சொல். மாற்கு அதைக் கிரேக்கத்தில் எழுதும்போது மாற்றாமல் அப்படியே விட்டுவைத்தார். பல மொழிக்காரர்களுக்கு அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் படிக்கிற நமக்கு அது தேவையே இல்லை. முந்தின நாள் பழைய நகரத்தின் சந்து ஒன்றில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், முன்னால் போய்க்கொண்டிருந்த தகப்பனை “அப்பா, அப்பா” என்று கத்திக்கொண்டே துரத்தினான். எபிரேயம் பேசும் பிள்ளைகள் இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். என் அப்பா சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டார், தம்மைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று.

நான் போய் அப்பாவுக்கு அருகில் முழங்காலிட்டேன். பாறை குளிர்ச்சியாக இருந்தது. எத்தனையோ கைகள் பட்டு ஓரிடத்தில் வழவழப்பாகியிருந்தது. கண்ணை மூடி, அந்தச் சொல்லைச் சொன்னேன். அடுத்த சொல் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது புகாராகத்தான் வந்தது. ஏன் எடுத்துக்கொண்டீர் என்று கேட்டேன். உம்மால் முடியும் என்று தெரிந்துதான் கேட்கிறேன் என்றேன். எனக்குக் கோபமாக இருக்கிறது, நீர் மறுபடியும் மறுப்பீரோ என்று பயமாக இருக்கிறது என்றேன். நான்கு ஆண்டுகளில் நான் உண்மையாகச் செய்த முதல் ஜெபம் அதுதான். மூன்றாவது படிக்கு அன்று என்னால் வர முடியவில்லை. வந்துவிட்டதாகப் பாவனை செய்யவும் இல்லை.

போதகர் தோளைத் தொட்டபோதுதான் நேரம் முடிந்தது தெரிந்தது. அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. நானும் குழுவில் ஒரு தம்பியும் கைத்தாங்கலாகத் தூக்கினோம். அவருடைய பேண்டில் முழங்கால் பகுதி சுருங்கி வெளுத்திருந்தது. தோட்டத்து மதிலோரம் ஒரு கல்லில் உட்காரவைத்து முழங்காலைப் பிடித்துவிட்டேன். அப்பொழுதுதான் கேட்டேன்.

“அப்பா, அம்மாவுக்காக நீங்கள் எப்படி ஜெபித்தீர்கள்?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. வேலிக்குள் இருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவளை எடுத்துவிடாதேயும் என்றுதான் ஜெபித்தேன். தினமும் அதேதான். எனக்கு வேறு மாதிரி வரவில்லை, அம்மா.”

“கடைசிவரைக்குமா?”

“கடைசிக்கு முந்தின ராத்திரி வரைக்கும். அன்றைக்கு அவள் மூச்சு மாறிவிட்டது, நீதான் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாய். ‘உம்முடைய கையில் கொடுக்கிறேன்’ என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. திரும்பத் திரும்ப ஆரம்பித்தேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் விடிந்துவிட்டது.”

நான் அழுதேன். அந்த ஸ்கேன் இரவைப் பற்றி அவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் தலையில் கை வைத்து, “இத்தனை வருஷம் இதையா வைத்துக்கொண்டிருந்தாய்?” என்றார். பிறகு எபிரெயர் நிருபத்திலிருந்து ஒரு வசனத்தைச் சொன்னார். பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம்பண்ணிய இயேசு, தம் பயபக்தியினிமித்தம் கேட்கப்பட்டார் என்று ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. “கேட்கப்பட்டார் என்றுதான் எழுதியிருக்கிறது, கவனித்தாயா? ஆனால் பாத்திரம் நீங்கவில்லை. ஒரு தூதன் வந்து பலப்படுத்தினான், அவ்வளவுதான். அவர் எழுந்து, தம்மைப் பிடிக்க வந்தவர்களுக்கு எதிரே நடந்து போனார்.”

கீழே சாலையில் எங்கள் பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் கையசைத்தார். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை வந்தபின் நின்று, “நாளைக்குக் காலையில் நாலரைக்கு என்னையும் எழுப்புங்கள் என்று சொல்வாயோ என்று பார்த்தேன்” என்றார்.

“எழுப்புங்கள், அப்பா” என்றேன்.